உடைந்துவிட்ட டம்ளர்

நம் வீடுகளில் கண்ணாடி டம்ளரை யாரும் உடைப்பதில்லை. அது உடைந்துவிடுகிறது. பால் பொங்கிவிடுகிறது, கடிதம் தொலைந்துவிடுகிறது. அலுவலகத்துக்குப் போனாலோ, கோப்பு 'தவறுதலாக வைக்கப்பட்டிருக்கிறது'. வைத்தவர் இன்னார் என்று அந்த வாக்கியத்துக்குள் தேடிப் பயனில்லை. செய்தவனை ஒளித்துவைக்க இலக்கணம் இத்தனை வசதி செய்து கொடுத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு துண்டுக் காகிதம் நினைவுக்கு வரும்.

1944-ஆம் ஆண்டு ஜூன் 5. மறுநாள் விடியலில் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்கும்படி நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசனோவர் உத்தரவிட்டுவிட்டார். ஏறத்தாழ 7,000 கப்பல்களும் படகுகளும். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள். கெட்ட வானிலையால் ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப் போயிருந்தது. 6-ஆம் தேதி காற்று சற்றே அடங்கும் என்றார் வானிலை அதிகாரி ஸ்டாக். அந்தச் 'சற்றே'யை நம்பித்தான் உத்தரவு. பாராசூட் வீரர்களில் பெரும்பகுதியினர் அழிந்துபோவார்கள் என்று விமானப்படைத் தலைவர் லீ மல்லரி எச்சரித்திருந்தார். அதையும் மீறித்தான்.

அன்று ஐசனோவர் பென்சிலை எடுத்துச் சில வரிகள் எழுதினார். படையெடுப்பு தோற்றால் வெளியிட வேண்டிய அறிக்கை! படைகள் திருப்பி அழைக்கப்பட்டன என்று முதலில் எழுதியவர், அதை அடித்துவிட்டுப் படைகளை நான் திருப்பி அழைத்தேன் என்று மாற்றினார். 'இந்த நடவடிக்கை' என்ற பொருளில் தொடங்கிய வாக்கியத்தையும் விடவில்லை. தாக்குவதென்ற 'என் முடிவு' என்று திருத்தினார். வீரர்கள் தம் கடமையில் குறை வைக்கவில்லை, பழி ஏதேனும் உண்டானால் அது தன் ஒருவனுடையதே என்று முடித்தார். தேதி போடும்போது ஜூனுக்குப் பதில் ஜூலை என்று எழுதிவிட்டார். மனம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அந்தப் பிழையே சாட்சி.

'தளபதி காகிதத்தில் பழியேற்றால் செத்தவன் எழுந்து வருவானா?' என்று கேட்கலாம். வரமாட்டான். ஆனால் தலைவன் ஏற்க மறுக்கும் பழி காற்றில் கரைந்து போவதில்லை, கீழே இறங்கும். வானிலை சொன்னவன் தலையில், படகோட்டியவன் தலையில், கடைசியில் செத்தவன் தலையிலேயேகூட வந்து உட்காரும்.

என்னை உறுத்துவது வேறொன்று. படையெடுப்பு வென்றது. காகிதம் பணப்பையில் கிடந்தது. சுமார் ஒரு மாதம் கழித்துக் கடற்படை உதவியாளர் புட்சர் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதால் பிழைத்தது. வென்றதனால் பழி இல்லாமற் போயிற்றா? முதல் நாள் மட்டும் நேச நாட்டு வீரர்கள் 4,400 பேர் மாண்டார்கள். ஒமாஹா கரையில் காலையில் விழுந்தவனுக்கு, மாலையில் வெற்றியா தோல்வியா என்பதில் என்ன வேறுபாடு? உத்தரவிட்ட நேரத்தில் தளபதி அறிந்திருந்தவையும் இரு நிலையிலும் ஒன்றேதான். அவர் பயந்து தள்ளிப் போட்டிருந்தால், ஓதம் சாதகமாக அமையும் அடுத்த நாட்கள் ஜூன் 19-ஐ ஒட்டி வந்திருக்கும். அன்றுதான் ஆங்கிலக் கால்வாயில் பெரும்புயல் மூண்டு, அமெரிக்கர் அமைத்த செயற்கைத் துறைமுகத்தையே நொறுக்கிப் போட்டது. முன்ஜாக்கிரதைக்காரர் என்ற நல்ல பெயரோடு அவர் பேரழிவுக்குள் போயிருக்கலாம். விளைவைப் பார்த்து முடிவுக்கு மதிப்பெண் போடுகிற நம் வழக்கம் எவ்வளவு மலிவானது!

ஆகவே, வென்ற பின்னும் அந்தக் காகிதம் செல்லும் என்றே நான் கொள்கிறேன். ஆனால் யாருக்குச் செல்லும்? அதில் படைவீரர்கள் இருக்கிறார்கள். கான் நகரத்து மக்கள் இல்லை. விடுவிக்க வந்தவர்களின் குண்டுகளே அவர்கள் வீடுகளின்மேல் விழுந்தன. 1944-இல் நார்மண்டியில் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் நேச நாட்டுக் குண்டுவீச்சில் மாண்டவர்கள். விடுதலைக்குக் கொடுத்த விலை என்பார்கள். யாரைக் கேட்டு, யார் கொடுத்த விலை? 'நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று' என்றுதான் பல புத்தகங்களிலும் படிக்கிறோம். வீசியவர் யார் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை.