பொழுது சாயும் வேளையில் படகேறுதல் தகுமா?

ஞாயிறு மாலை வந்தனை முடிந்ததும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்குச் சென்று, அரைமணி நேரம் படகில் சுற்றி வருவது பௌத்த இல்லறத்தார்க்கு ஏற்ற செயல்தானா என்னும் வினா அல்சூர் அன்பர்களிடையே எழுந்துள்ளது. கோடை விடுமுறையில் கொச்சி போன்ற கடற்கரை நகரங்களுக்குச் செல்வோர், மாலைப் படகில் ஏறிக் கதிரவன் கடலில் மறைவதைக் கண்டு திரும்புவதும் இவ்வினாவில் அடங்கும். முதியவர் ஒருவர் அதனை வன்மையாக மறுத்தார். இளைஞர் சிலர் நகைத்தனர். நகைப்பு விடையாகாது. பெரியவர் கூற்றிலே பொருளுண்டு. அதனை முதலில் நேர்மையுடன் எடுத்துரைப்பது நம் கடன்.

அவர் கூறுவது இது. அவாவே துக்கத்தின் வேர் என்று கேட்டுச் சரணமடைந்தவர்கள் நாம். கண்ணுக்கு விருந்து தேடி அலைவது அவாவுக்கு நீர் வார்ப்பதேயன்றி வேறில்லை. உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்பவர்கள் ஆடல், பாடல், வேடிக்கை காண்டல் ஆகியவற்றை விலக்குகின்றனர். ஒரு நாளைக்குத் தீதானது மற்றொரு நாளைக்கு எவ்வாறு நன்றாகும்? மேலும், சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் அருளிய உபதேசத்திலே பொருளை அழிக்கும் ஆறு வழிகள் கூறப்பட்டுள்ளன. கேளிக்கை நாடித் திரிதல் அவற்றுள் ஒன்று. படகுக் கட்டணத்தைக் கொண்டு ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாகாதா?

இவை எளிதில் தள்ளத் தக்க சொற்களல்ல. எனினும், அதே சிகாலனுக்குப் பகவான் வேறொன்றும் கூறினார். இல்லறத்தான் தன் வருவாயை நான்கு பங்காக்கி, ஒரு பங்கைத் துய்க்கவும், இரண்டு பங்கைத் தொழிலில் இடவும், எஞ்சிய பங்கை இடர் வருங்காலத்துக்கெனச் சேர்த்து வைக்கவும் வேண்டுமென்றார். துய்ப்பதற்கென ஒரு பங்கு! துய்த்தலே குற்றமாயின் அப்பங்குக்கு இடமேது? உபோசத விரதமோ மாதத்தில் சில நாட்களில் நாமே விரும்பி ஏற்கும் பயிற்சி. பயிற்சி நாளின் விதியை எல்லா நாளுக்கும் நீட்டினால் அது பயிற்சியாகாது, தண்டனையாகிவிடும்.

பகவானுடைய இறுதி ஆண்டினை உரைக்கும் மகாபரிநிப்பான சூத்திரத்தைப் படித்தோர்க்கு ஒரு செய்தி நினைவிருக்கும். எண்பது வயதில், நோயால் மெலிந்த உடலுடன், வைசாலியில் சாபாலச் சைத்தியத்தருகே அமர்ந்த ததாகதர், ஆனந்தரை நோக்கி, வைசாலி இனியது என்கிறார். உதேனச் சைத்தியம் இனியது, கோதமகம் இனியது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூறுகிறார். அதே இடத்திலேதான், இன்னும் மூன்று திங்களில் தாம் பரிநிப்பானம் எய்தப்போவதாகவும் அறிவிக்கிறார். அவா முற்றும் அற்றவரின் வாயிலிருந்து இனியது என்னும் சொல் பிறந்தது. ஆதலின் இனியதை இனியதென்று காண்பதும் அதன்மீது அவாக் கொள்வதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே பெரியவர் வாதத்தில் நாம் காணும் குறை.

இம்மட்டில் நிறுத்தினால் இது வேறெந்த ஊர்ப் பௌத்தருக்கும் பொருந்தும் விடையாகவே நின்றுவிடும். நம்மவர்க்கோ இதில் இன்னுமோர் முடிச்சு உண்டு. துறவைப் போற்றும் நூல்கள் யாரைத் துறந்தவராகக் காட்டுகின்றன என்று பாருங்கள். சித்தார்த்தருக்கு மூன்று பருவத்துக்கு மூன்று மாளிகைகள் இருந்தன. நம் தமிழ்க் காப்பியத்து மணிமேகலையோ, புகார்க் கடற்கரையிலே யாழும் பாட்டுமாக மாலைப் பொழுதைக் கழித்த கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். கடலோர நகரத்தின் இன்பம் யாவும் அவள் பிறந்த வீட்டின் வாயிலிலேயே இருந்தது. உடையவர்கள் துறந்தார்கள். நம் முன்னோர்களிடம் துறப்பதற்கு என்ன இருந்தது?

நீர்நிலையையே எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்து மகாட் நகரில் சவ்தார் குளத்தை யாவரும் பயன்படுத்தலாமென அந்நகராட்சி 1924ஆம் ஆண்டிலேயே தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். மேல்சாதியினர் நம்மவரைத் தாக்கினர். பின்னர்ச் சாணமும் கோமியமும் இட்டுக் குளத்தைச் ‘சுத்தி’ செய்தனர். மாடு இறங்கிக் குடித்தால் கெடாத நீர், மனிதன் கை பட்டால் கெட்டது! வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றோடு பொதுமக்கள் கூடும் இடங்களையும் சேர்த்தே கூறுகிறது. குடிநீருக்கான உரிமையும் உலாவுதற்கான உரிமையும் அங்கே அடுத்தடுத்த சொற்கள்.

குளத்தை நெருங்கவும் தடையிருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இன்று ஏரியின் நட்ட நடுவே படகில் அமர்ந்து, விரல்களை நீரில் அளையவிட்டுச் செல்கின்றனர். இதனை வெறுங்கேளிக்கை என்று ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை. இன்பத்தை மறுத்து வாழ்ந்த பழக்கத்தையே ஒழுக்கமென்று எண்ணிவிடும் ஆபத்து நம்மிடையே உண்டு. கொடாமையால் இல்லாதது வேறு, வேண்டாமென்று விட்டது வேறு. முன்னது வறுமை, பின்னது மட்டுமே துறவு.

இங்கே ஒருவர் சுனீதரை எடுத்துக்காட்டி எம்மை மறுக்கலாம். குப்பையும் வாடிய பூவும் வாரிப் பிழைத்த அவர் எதை உடையவராயிருந்து துறந்தார்? மெய்தான்; சங்கத்தில் சேர்வதற்குச் செல்வம் முன்நிபந்தனையன்று. ஆனால் பகவான் சுனீதரிடம், உன் கூடையோடு நீ நிறைவு கொள் என்று கூறவில்லை. அவரைச் சங்கத்திலே சேர்த்தார்; தேவரும் வணங்கும் நிலைக்கு அவர் உயர்ந்தாரென்று தேரகாதை கூறுகிறது. தாழ்வைப் பொறுத்துக்கொள்வதே தம்மம் என்று நம்மவர்க்கு யாரேனும் போதிப்பாராயின், அவர் சுனீதரின் கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டவராவார்.

ஆகவே படகேறலாம். ஏறியபின் நடப்பதென்ன என்பதே இனி ஆராயத் தக்கது.

கதிரவனின் கீழ்விளிம்பு அடிவானைத் தொட்ட நொடி முதல் மேல்விளிம்பு மறையும் வரை நம் நாட்டில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். அவ்வளவுதான். அதிலும் ஒரு வியப்பு உண்டு. காற்று மண்டலம் ஒளியை வளைத்துக் கதிரவனின் உருவத்தை ஏறக்குறைய அரைப் பாகை உயர்த்திக் காட்டுகிறது. கதிரவனின் வட்டமும் ஏறக்குறைய அரைப் பாகை அகலந்தான். எனவே அது கடல்மீது அமர்ந்திருப்பதாக நாம் கண்டு வியக்கும் வேளையிலே உண்மையான கதிரவன் அடிவானுக்குக் கீழே சென்றாயிற்று. அச்செம்மையும் அதற்குரியதன்று, நீல ஒளி நெடுந்தூரக் காற்றிலே சிதறிப்போக எஞ்சியது. அநித்தியத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுள்ளோம். அவற்றுள் சில இரண்டு நிமிடத்தில் முடிந்திருந்தால் நலமாயிருக்கும்!

இந்த இரண்டு நிமிடத்தைக் கைப்பேசியில் அடைக்க முயன்று, திரையையே பார்த்துக் கதிரவனைக் காணாமல் விடுவோர் பலர். மறைந்ததும் படகோட்டியிடம், இன்னும் ஒரு சுற்று என்பார்கள். அவா பிறக்குமிடம் இதுவே. அழகு அவாவை உண்டாக்கவில்லை. அழகு முடிந்ததை ஒப்பாமையே உண்டாக்கியது. பெரியவர் தேடிய பகைவன் படகில் இருப்பது உண்மையே. ஆயின் அவன் ஏறுவது திரும்பும் நேரத்தில்.

‘இன்னும் ஒரு சுற்று’ என்பது சிறு குறும்பு போலத் தோன்றலாம். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், தூவல் தீரம் என்னும் கடற்கரையருகே, மாலையுலாவுக்கென மக்களை ஏற்றிச் சென்ற படகொன்று கவிழ்ந்தது. அது மீன்பிடிப் படகாயிருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. ஏற்றத் தக்க அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏறியிருந்தனர். பொழுது சாய்ந்து இருட்டியபின் புறப்பட்ட பயணம். 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் பலர். மாண்டவர்மீது நாம் குற்றம் சாற்றவில்லை. விடுமுறை நாளில் குழந்தை கையைப் பிடித்து இழுக்கும்போது எந்தத் தாய் மறுப்பாள்? படகுக்குரியோனின் ஆசை வேறு: இன்னும் பத்துச் சீட்டு, இன்னும் ஒரு பயணம். ஆசைகள் பலவும் ஒரே பலகையின்மீது நின்றன. பலகையோ சிலரையே தாங்கவல்லது.

ஆதலின் கொல்லாமை என்னும் முதற் சீலம் படகுத் துறையிலும் நமக்குரியது. கொல்லாமை என்பது ஆட்டையும் மாட்டையும் பற்றியது மட்டுமென்று நம்மவர் சிலர் கருதுகின்றனர். கூட்டம் மிகுந்த படகைக் கண்டு, நாங்கள் அடுத்ததில் வருகிறோம் என்று ஒதுங்கி நிற்பதும் சீலமே. உயிர்காப்பு மிதவைச் சட்டை கேட்டு வாங்கி, முதலில் குழந்தைக்கு அணிவித்து, வார்களை இறுக்கிப் பார்ப்பதும் சீலமே. இருட்டியபின் புறப்படும் படகை, முன்பணம் செலுத்தியிருப்பினும், வேண்டாமென்று விடுவதும் அவ்வாறே. இவற்றைச் செய்வோரை அஞ்சியவர் என்று உடன் வந்தோர் கேலி செய்வர். கேலியைப் பொறுப்பதற்கும் பொறுமை வேண்டும்.

நம் ஏரியைப் பற்றியும் ஒரு சொல். ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்பு. நடுவே சிறு தீவுகள். ஒரு புறம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம். கரையருகே, 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலை. மாலை வெயிலிலே இது அழகிய நீர்ப்பரப்புத்தான். 2016 மார்ச் மாதத்தில் இதே நீரில் கழிவு மிகுந்து உயிர்வளி குன்றி, ஆயிரக்கணக்கான மீன்கள் வயிறு மேலாகச் செத்து மிதந்தன. அந்நீரில் கலந்த கழிவில் நம் வீட்டுக் கழிவும் உண்டு. நீரின்மேல் பொன்போற் படரும் ஒளியை ரசிக்கின்ற கண், நீரின் நிறத்தையும் காணக் கடமைப்பட்டது.

இறுதியாகப் படகு வலிப்பவரைப் பற்றி. நாம் கட்டணத்தில் பேரம் பேசுவது பெரும்பாலும் அவரிடந்தான். சீட்டு விற்கும் சாளரத்தில் பேரம் பேச நமக்குத் துணிவில்லை. அரைமணி நேரம் நமக்கு ஓய்வு என்றால் அவருக்கு அது அன்றைய எத்தனையாவது பயணமோ. நல்வாழ்க்கைத் தொழில் என்று எண்வழியில் ஓதுகிறோம். அத்தொழிலைச் செய்பவர் நம் எதிரே அமர்ந்து வியர்க்கும்போது அவர் முகத்தை நோக்குவதில்லை. அவருடைய ஊர் எது, பிள்ளைகள் படிக்கின்றனரா என்று ஒரு சொல் கேட்பதற்குக் கட்டணமில்லை. நம்மவருள்ளும் இத்தகைய கூலித் தொழிலில் இருப்போர் பலர். அவர்களிடம் பயணிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று நாம் விரும்புவோமோ, அவ்வாறே அவரிடம் நடந்துகொள்ளலாம்.

துடுப்பு வலிக்கும் படகுகளிலே கவனித்தால் ஒன்று புலப்படும். துடுப்பு வலிப்பவர் படகின் முன்புறத்துக்கு முதுகு காட்டி அமர்கிறார். அவ்வாறு அமர்ந்தால்தான் கைக்கு வலு வரும். ஆகவே நாம் மேற்கு நோக்கிச் சென்று கதிரவனைக் கண்டு களிக்கும் நேரமெல்லாம் அவர் கண்ணில் படுவது கரையும் நம் முகங்களுமே. படகு திரும்பியபின் நாம் கிழக்கே விளக்குகள் ஏற்றப்பட்ட தெருக்களைப் பார்த்தபடி, வீட்டுக்குச் சென்று செய்ய வேண்டியவற்றைப் பேசத் தொடங்குகிறோம். மேற்கில் எஞ்சிய சிவப்பு அப்போதுதான் அவர் முகத்துக்கு நேராக வருகிறது. கரை சேரும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே துடுப்பு வலிக்கிறார்.