ஆசானை அளக்கும் கோல்

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் மற்றொன்று. இடையே ஏறிய மதிப்பெண்ணே ஆசிரியரின் தகுதி என்கின்றனர். எதையும் ஏன் என்று கேட்கும் நாம், இந்தக் கோலையும் கேட்க வேண்டாமா?

1862-இல் இங்கிலாந்து, தேர்வில் தேறியோரை எண்ணிப் பள்ளிக்குப் பணம் அளந்தது; பின்னர்ச் சென்னை மாகாணமும் அவ்வழி நடந்தது. விளைந்தது என்ன? மனப்பாடம் பெருகியது, சிந்தனை சுருங்கியது!

ஒரகடத்து ஆலையில், ஒரே அச்சில் வரும் உதிரிப்பாகத்தைக் கோல்கொண்டு அளக்கலாம். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் மாறும் தொழிலாளியின் மகளை, வீட்டில் ஒடியா பேசி வகுப்பில் தமிழ் பயிலும் சிறுவனை எக்கோல் அளக்கும்? மதிப்பெண்ணே ஊதியமானால், இப்பிள்ளைகளை எந்த ஆசிரியர் விரும்பி ஏற்பார்? கடைசி வரிசை மீண்டும் கைவிடப்படும். பழைய வருணம் புதிய கணக்கில் புகும்!

தேர்வு வேண்டும், எப்பிள்ளைக்குத் துணை தேவையென அறிய. ஆசிரியரைத் தண்டிக்கும் தடியாக அது வேண்டா!