மண்ணின் விலையும் பிள்ளையின் படிப்பும்

1968 மே மாதம் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில், எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். ஒழுங்காகப் படிக்க வழி செய்யுங்கள் என்பதே கோரிக்கை. எட்ஜ்வுட் வட்டார ஆசிரியர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முறையான தகுதிச் சான்று இல்லை. பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் மெக்சிகோ வம்சாவளியினர்.

பள்ளிச் செலவுக்கான சொத்து வரியைக் கட்டப் பெற்றோர் சுணங்கினார்களா? இல்லை. 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் கட்டினார்கள். அந்த மாநகரப் பகுதியிலேயே அதுதான் உச்ச விகிதம். அதில் ஒரு பிள்ளைக்குத் தேறியது 26 டாலர். அதே நகரில் வெள்ளையர் மிகுந்த ஆலமோ ஹைட்ஸ் வட்டாரம் 85 சென்ட் மட்டும் கட்டியது; ஒரு பிள்ளைக்கு 333 டாலர் திரண்டது. மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்தபிறகும் எட்ஜ்வுட்டில் 356 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர் என்று இடைவெளி நின்றது.

எங்கள் வரி எங்கள் பள்ளிக்கே என்பதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. தன் பணம் செலவாகும் பள்ளியை ஊர் அக்கறையோடு கவனிக்கும். ஆனால் அந்த உரிமை கையில் காசுள்ள ஊருக்கே பயன்படுகிறது. அதிகம் கொடுத்தும் குறைவாகப் பெறும் ஊருக்கு அது வெறும் சொல்.

அந்த வரியைத் தீர்மானிக்கும் மண்ணின் விலையும் தானாக அமைந்ததல்ல. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வம்சாவளியினரும் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தது. அங்கே கடன் அரிதானது, வீட்டு மதிப்பும் விழுந்தது. வரியிலும் இந்தப் பாகுபாடு பழையது: அதற்கும் முன்பே ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு, வெள்ளையர் பள்ளிக்காகக் கறுப்பினப் பெற்றோரிடமும் வரி வாங்கினார்கள். 1899இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

பள்ளி நிதியின் இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரத் தொழிலாளியின் பெயரில் வழக்காடினார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களைக் கைவிட்டது. கல்வி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது.

சட்டம் அப்படிச் சொல்லலாம், அறம் சொல்லாது. எந்தத் தெருவில் பிறப்பது என்று எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுப்பதில்லை. வீடு வீட்டுக்காரருடையது, பிள்ளையின் படிப்பு நாட்டின் பொறுப்பு. அந்தச் செலவை நாடு முழுவதும் பகிர்ந்து சுமப்பதே நீதி.