பிறையும் முழுமையும்

கண்ணுக்குப் புலப்படும் பகுதியைக் கொண்டு ஒன்றன் முழுமையை முடிவு செய்தல் அறமாகுமா? பழமையான இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நூல்களை மட்டுமே நாடவேண்டுவதில்லை. அந்திவானமும் ஒரு விடை வைத்திருக்கிறது.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகே அமைந்துள்ளது லெம்பா பெர்த்தாம். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், மூடுபனி விலகிய மாலையாயின், அங்கே மேற்கு வானில் பிறை தோன்றும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இந்நாட்டில் அது பெரும்பாலும் தோணியைப்போல் சாய்ந்து கிடக்கும். வடகோடி நாடுகளிலோ வில்லைப்போல் நிமிர்ந்து நிற்கும். பிறை ஒன்றே, நோக்குவோர் நிற்கும் நிலமே வேறு. கிரகணப் பொழுது நீங்கலாக, நிலவின் ஒரு பாதி என்றும் கதிரொளியில் திளைக்கிறது. அப்பாதியில் எத்துணைப் பங்கு புவியை நோக்கியுள்ளது என்பதே பிறையையும் முழுமதியையும் வகுக்கிறது. ஆகவே, தேய்தல் நிலவுக்கு நேர்வதன்று, காட்சிக்கு நேர்வது.

கோள்களுள் இவ்வுண்மையை இன்னும் நுட்பமாக உணர்த்துவது வெள்ளி. கதிரவனுக்கும் புவிக்கும் இடையே வரக்கூடிய புதனும் வெள்ளியுமே புவியிலிருந்து நோக்குங்கால் பிறையாகத் தோன்றும். செவ்வாயும் வியாழனும் சனியும் அவ்வாறு தோன்றா. 1610ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கலிலியோ தம் தொலைநோக்கியால் வெள்ளியைத் தொடர்ந்து நோக்கினார். வட்டமாயிருந்தது அரைவட்டமாகிப் பின் பிறையாயிற்று. பிறையாக ஆக, அளவில் பெரிதுமாயிற்று. வெள்ளி என்றும் கதிரவனுக்கு இப்பாலேயே இருக்கும் என்ற தாலமியின் அமைப்பில் முழுவட்டத்துக்கு இடமில்லை. எனவே, வெள்ளி கதிரவனையே சுற்றுகிறது என்பது தெளிவாயிற்று. ஓரிரவுக் காட்சி இம்முடிவைத் தந்திராது. பல திங்கள் பொறுமையே தந்தது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. முழுவட்டமாகத் தோன்றும் வெள்ளி, கதிரவனுக்கு அப்பால், ஏறத்தாழ 25 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி வருங்காலோ, ஒளிபெற்ற முகத்தை அப்பால் திருப்பி மெல்லிய கீற்றாகிவிடுகிறது. தொலைவிலுள்ளது முழுமையாய்த் தெரிகிறது. அருகிலுள்ளது குறையாய்த் தெரிகிறது. ஆயினும், வெள்ளி மிகுதியாய்ப் பொலிவது ஏறத்தாழக் கால் பங்கே ஒளிரக் காணும் பிறைப்பருவத்தில்தான்!

மனித வாழ்விலும் இதுவே நிகழ்கிறது. தொலைவில் நின்று தேயிலைச் சரிவைக் காணும் பயணிக்கு அது குறையற்ற பசும்பட்டு. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலையில் உழைத்த தமிழரோ, அருகிலிருந்த கிராணியின் கணக்கேட்டில் கொழுந்தின் எடையாக மட்டுமே தெரிந்தனர். வகுப்பறையிலும் அப்படியே. பாடத்தில் வாய்திறவாத மாணவனை ஆசிரியர் நாள்தோறும் மிக அருகில் காண்கிறார். காண்பது அவன் மௌனத்தை. வீட்டில் தம்பி தங்கையரைப் பேணும் அவன் பொறுப்பு, அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதில்லை. ‘மந்தமானவன்’ என்ற ஒரு சொல்லில் அவன் முழுமையும் முடிந்துவிடுகிறது.

‘அவ்வாறாயின், எவரையும் எடைபோடலாகாதோ?’ எனச் சிலர் வினவலாம். அங்ஙனமன்று. வானியலார் பிறையைப் பிறை என்றே பதிவு செய்கிறார். காணாததைக் கற்பனையால் ஒளியேற்றுவதில்லை. ஆனால், கோளே அவ்வளவுதான் என்றும் கூறுவதில்லை. எழுதிய விடைக்குரிய மதிப்பெண்ணை ஆசிரியர் வழங்கியே ஆகவேண்டும். குறைந்த மதிப்பெண்ணை மாணவனின் அளவாகக் கொள்வதே பிழை. செயலுக்குத் தீர்ப்பு உண்டு; மனிதனுக்கு அது அத்துணை விரைவில் இல்லை.

மூன்றாம் பிறையைக் கூர்ந்து நோக்குவோர், ஒளிக்கீற்றின் அணைப்பில் எஞ்சிய வட்டமும் மங்கலாய்த் தெரியக் காண்பர். அது புவியின்மீது பட்ட கதிரொளி திரும்பிச் சென்று நிலவின் இருளில் விழுந்ததால் வந்த வெளிச்சம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியொனார்தோ டா வின்சி இதனை விளக்கினார். நோக்குவோர் நிற்கும் மண்ணிலிருந்து சென்ற ஒளியே, நோக்கப்படுவதன் மறைந்த பகுதியைக் காட்டுகிறது. மௌனமாய் அமர்ந்திருக்கும் மாணவனிடம், ‘வீட்டில் அனைவரும் நலமா, தம்பி?’ என்று கேட்கும் ஆசிரியரின் சொல்லும் அத்தகைய ஒளியே.