வாசலில் பொறித்த அப்பம்



ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அன்னை மரியா பேராலயத்தைச் சுற்றித்தான் சந்தை கூடுகிறது. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலையிலேயே கடை விரித்துவிடுவார்கள். வடக்குப் பக்கம் சுற்றுவட்டார உழவர்கள், தெற்குப் பக்கம் வியாபாரிகள். 116 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் அதன் அடியில் இருப்பதைத் தவறவிட்டுவிடுவார்கள். கோபுர வாசலின் கற்சுவரில் சில கோட்டு வடிவங்கள். புனிதர் உருவமோ என்று நினைத்தால், ரொட்டியின் அளவு! 1270, 1317, 1320 என்று ஆண்டும் பொறித்திருக்கிறார்கள். கூடவே துணி அளக்கும் கோல், தானிய அளவை, செங்கல் அளவு. ரொட்டி சிறுத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1317 என்பது ஐரோப்பாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய காலம். விரற்கடை குறைந்தாலும் வீட்டில் ஒரு பிள்ளைக்குத் துண்டு கிடைக்காது.

இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஆமோஸ் யாரைச் சாடுகிறார்? ஓய்வுநாளை மீறியவர்களையா? இல்லை, தவறாமல் கடைப்பிடித்தவர்களை! உடல் வழிபாட்டில், மனம் மறுநாள் கடையில். எப்போது முடியும், எப்போது மரக்காலைச் சுருக்கலாம், பதரைக் கோதுமையோடு தள்ளிவிடலாம் என்ற தவிப்பு. ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரம் பார்த்தவர். சந்தையில் ஏமாறுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

நாம் கடைக்காரர் இல்லையே என்று சிலர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். வாங்குபவர் கையிலும் தராசு உண்டு. கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கிறோம். அது இருக்கட்டும், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மா பத்து நிமிடம் தாமதித்தால் நமக்கு நினைவிருக்கிறது. விருந்தாளி வந்த அன்று அரைமணி கூடுதலாக நின்று பாத்திரம் துலக்கியது மட்டும் மறந்துபோகிறது. ஒரே வீட்டில் இரண்டு மரக்கால்.

ஃப்ரைபர்க் ரொட்டிக்காரரும் அவரிடம் வாங்கியவரும் அதே வாசல் வழியாகத்தான் திருப்பலிக்குப் போனார்கள். சுவரில் பொறித்த அப்பத்தைக் கடந்துதான் பீடத்து அப்பத்திடம் வர வேண்டியிருந்தது.

சற்று நேரத்தில் நம் காணிக்கைப் பவனி. அப்பத்தை நம்மில் இருவர் ஏந்தி வருவார்கள். அதற்குமுன் கொஞ்சம் அமைதியாக இருப்போம். போன வாரம் நான் யாருக்கு அளந்தேன், எந்த மரக்காலால்?