மூன்றாவது கம்பி

மண்டபத்தூரில் என் அத்தை வீட்டுக் கொல்லைக்கும் கடலுக்கும் நடக்கிற தூரம்தான். நான்கு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் செம்பருத்தி, இரண்டு பாத்தி கத்தரி. மண் எல்லாம் மணல். காலையில் விட்ட தண்ணீர் உச்சி வெயிலுக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதனால் அத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மோட்டார் போடுகிறார், வெறுங்காலோடும் ஈரக் கையோடும். அவர் சுவிட்சுக்குக் கை நீட்டும்போதெல்லாம் திண்ணையிலிருந்து மாமாவின் குரல் வரும்: “பாத்துப் போடு, கை ஈரமா இருக்கு.”

பெரும்பாலான வீடுகளில் மின்சாரப் பாதுகாப்பு என்பது இந்த ஒரு வாக்கியம்தான். அக்கறையோடு சொல்லப்படும் வாக்கியம் அது; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மின்கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து நடக்கும் பொறுப்பைக் கொல்லைக்குப் போகிறவர் தலையில் வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இவர்களில் எத்தனையோ பேருக்கு “பாத்து” என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்திருக்கும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் வரை இறங்கிவிடும். அப்படியென்றால் ஈர மண்ணில் நிற்கும் ஒருவர் உடம்பு வழியாக 230 மில்லிஆம்பியர் பாயக்கூடும். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், பிடித்த கம்பியை விட முடியாமல் போகும் அளவு எது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் விரல்கள் நம் பேச்சைக் கேட்பதில்லை. இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் இறுகும், இதயத் துடிப்பு குலையும்.

இனி போர்டில் இருக்கும் எம்.சி.பி.யைப் பாருங்கள். அதில் 16 என்று எழுதியிருந்தால் 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லிஆம்பியர். கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க வைத்த கருவி அது. வீட்டைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்ற அதற்குத் தெரியாது. ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அது விழாமல் அப்படியே நிற்கும்.

ஆளுக்காக இருப்பது மூன்றாவது கம்பி, எர்த். உப்புக் காற்று மோட்டாரின் இரும்பைத் தின்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் பூச்சு ஒருநாள் விட்டுப்போகிறது. மின்சாரம் மோட்டாரின் உடம்புக்கு வந்துவிடுகிறது. அப்போது அதை மண்ணுக்குள் கொண்டு போவதுதான் எர்த்தின் வேலை. கடலோரத்தில் சிக்கலும் இங்கேதான். கோடையில் மேல்மணல் காய்ந்தால் மின்சாரத்துக்கு எளிதில் வழி விடாது. எர்த் குழியின் தடை 50 ஓம் என்றால் அதன் வழியே 4.6 ஆம்பியர்தான் போகும். எம்.சி.பி. விழாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொடுகிறவருக்காகக் காத்துக்கொண்டும் இருக்கும். பழைய வயர்மேன்கள் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் அதற்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னது இதனால்தான். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு குடம் அந்தக் குழிக்கும் உரியது.

மூன்று ஊசி பிளக்கில் எர்த் ஊசி மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். மின்சாரம் வருவதற்கு முன்பே அது தொட வேண்டும், போன பிறகே விலக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழையவில்லை என்று நாம் பிடுங்கி எறிவதும் அந்த ஊசியைத்தான்.

எர்த் கைவிட்டாலும் காக்க ஒரு கருவி உண்டு: ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லிஆம்பியர் வழி தவறினாலே நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். டால்சியல் இத்தகைய கருவி ஒன்றை 1961இல் உருவாக்கினார். வீட்டுக்கு வெளியே உள்ள பிளக்குகளுக்கு அமெரிக்கா 1973இல் அதை விதியாக்கியது. மின்சாரம் போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒருசேரப் பிடித்தவரை இதுவும் காக்காது. ஆகவே அறுந்த வயரை டேப் சுற்றி ஓட்டுவதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டும்.

கொல்லையில் மோட்டார் மட்டும் ஆபத்து இல்லை. மோட்டார் கொட்டகையில் ஒரு முனை கட்டிய துணிக்கொடி இரும்புக் கம்பியாக இருந்தால், ஈரத் துணி போடப் போகிறவருக்கு அதுவே எமன். முருங்கை பறிக்க இரும்புக் குழாயில் துறட்டி கட்டுகிறோம். மேலே போகும் லைனை நினைப்பதில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேரின் மேற்பகுதி உயரழுத்த லைனில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கீழே இருப்பதையே கவனித்துப் பழகியவர்களுக்கு மேலே இருப்பது தப்பிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையோரத்தை அடித்துப் போனபோது பார்த்தோம், தென்னையும் மின்கம்பமும் பின்னிக் கிடந்ததை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்து ஓய்ந்த காலையில், கொல்லையில் கிடக்கும் மட்டையை இழுக்கும் முன் அதன் அடியில் வயர் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இந்தச் சாவுகளில் மிகக் கொடியது இரண்டாவது சாவு. விழுந்த தாயைத் தூக்கப் போன மகன், மகனைத் தூக்கப் போன தகப்பன். அந்த நொடியில் அன்பு கையை நீட்டத்தான் சொல்லும். அதனால் முன்கூட்டியே பழகி வைக்க வேண்டும்: முதலில் மெயினை அணை, முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளு, 108ஐக் கூப்பிடு, மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்து. மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொல்லைக்கு யார் போகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண்கள், வயதானவர்கள், கூலிக்குத் தேங்காய் பறிக்கவும் களை எடுக்கவும் வருகிறவர்கள். போர்டில் என்ன மாட்டுவது, எதில் செலவைக் குறைப்பது என்று முடிவெடுக்கிற இடத்தில் இவர்கள் இருந்ததில்லை. பார்த்து நடக்க வேண்டியவர் ஒருவர், பார்த்துச் செய்திருக்க வேண்டியவர் இன்னொருவர். எச்சரிக்கை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று இருப்பது, அவர்கள் உயிரை அவர்களின் கவனத்தின் மேல் பந்தயம் வைப்பதுதான். மனிதக் கவனம் ஒருநாள் தவறும். தவறுகிற அந்த நாளுக்காகத்தான் மூன்றாவது கம்பி.

போன தடவை ஊருக்குப் போனபோது வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதித்து, ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் செய்தேன். அத்தைக்குக் கொல்லை வேலை மாறவில்லை. அதே வெறுங்கால், அதே ஈரம். கையைத் துடைத்துக்கொண்டு போடச் சொல்லி மாமா இன்னமும் குரல் கொடுக்கிறார். நான் மட்டும், அத்தையிடம் “பாத்து” என்று சொல்வதற்கு முன்னால், போய் போர்டைப் பார்க்கிறேன்.