அடுத்த காலணி வரை

ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் முந்தியிருந்தால் அவருக்கு ஓராண்டு மிச்சமாகியிருக்கும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் ஆண்டுக்கு ஒருமுறை இளம் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிறது. அதில் சேர அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் பதினெட்டு வயது நிறைய வேண்டும். மேத்யூஸுக்கு 2015 தவறிப்போனது. சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்துக்குப் போய், சூரிக் அணியில், வளர்ந்த ஆண்களோடு ஒரு பருவம் ஆடினார். 2016-இல் டொராண்டோ அவரை முதல் ஆளாக எடுத்தது. அக்டோபர் 12 அன்று ஒட்டாவாவில் முதல் ஆட்டம், நான்கு கோல். அப்படியும் டொராண்டோ 4-5 என்று தோற்றது.

இதையெல்லாம் எனக்கு ஒப்பித்தவன் என் தங்கை மகன். வயது பதினைந்து, வீடு கிள்ளானில். மேத்யூஸ் வளர்ந்தது அரிசோனா பாலைவனத்தில் என்பதுதான் அவனுக்கு முக்கியம். "அங்கயும் வெயில்தான் மாமா" என்றான். வெயிலை நான் மறுக்கவில்லை. ஆனால் மேத்யூஸ் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே வின்னிபெக்கிலிருந்து ஒரு தொழில்முறை அணி பீனிக்ஸ் நகரத்துக்குக் குடிவந்துவிட்டது. பையன் நடக்கப் பழகியபோது பார்ப்பதற்கு ஆட்டம் இருந்தது, சொல்லித்தர ஆள் இருந்தது, அதற்குமேல் போக வழியும் இருந்தது. வெயிலைவிட அது பெரிய விஷயம் என்று இவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வழியில் போகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவும் இருக்கிறது. ஒன்டாரியோவில் பதினைந்து, பதினாறு வயதிலேயே ஜூனியர் லீக் அணிகள் பையன்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எடுத்த ஊருக்குப் போக வேண்டும், யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்க வேண்டும், பள்ளிக்கூடமும் அங்கேயே. பதினெட்டில் பெரிய லீக்: 32 அணிகள், 7 சுற்றுகள், 224 பெயர்கள். அந்த நாளுக்கு முன்பே உயரம், எடை, வேகம், குணம் எல்லாவற்றுக்கும் யாரோ மதிப்பெண் போட்டுவிட்டிருப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர்களில் பலர் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்ந்துபோகிறார்கள். பெயரே வாசிக்கப்படாதவர்களில் சிலர் பின்வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரில் முதல் ஆளாக அந்த லீக்கில் ஆடிய ராபின் பாவா, 1989-இல் வாஷிங்டன் அணிக்காக இறங்கியவர், அப்படி வந்தவர்தான்.

நம் ஊரில் வாசலும் இல்லை, பின்வாசலும் இல்லை. சன்வே பிரமிட் பேரங்காடியும் அதன் பனித்தளமும் திறந்தது அதே 1997-இல். தரைக்கடியில் குளிர்திரவம் ஓடும் குழாய்கள், அதன் மேல் சில சென்டிமீட்டர் பனி, வெளியே முப்பத்து மூன்று டிகிரி. பகலெல்லாம் அது காசு கொடுத்து வந்து விழுந்து எழுந்து சிரிக்கும் பொதுமக்களின் இடம். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் கிடைப்பது கடைகள் திறக்காத காலையும் அடைத்த பின் வரும் இரவும். மலேசியா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்தது 2006-இல். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டிக்காக டாமன்சாரா எம்பயர் சிட்டியில் சர்வதேச அளவுள்ள தளம் ஒன்று வந்தது. அந்தப் போட்டியில்தான் ஐஸ் ஹாக்கி முதன்முதலில் சீ விளையாட்டுக்குள் நுழைந்தது. தங்கம் வென்றது பிலிப்பீன்ஸ், தாய்லாந்தை 5-4 என்று தோற்கடித்து. அவர்களும் பேரங்காடிப் பனியில் வளர்ந்தவர்கள்தான். என் தங்கை மகன் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பங்காளிப் பெருமை கேட்கும்.

சன்வே தளத்தில் வளர்ந்து உலகம் வரை போனவர் என்றால் ஜூலியன் யீ. அவருடையது ஹாக்கி இல்லை, ஒற்றை ஆளாக ஆடும் பனி நடனம். அவரும் 1997-இல் பிறந்தவர். நான்கு வயதில் அண்ணன்களின் பின்னால் தளத்துக்குள் இறங்கினார். பொதுமக்கள் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள்மேல் மோதாமல், காற்றில் எழும்பிச் சுழலப் பழகினார். ஒரு கட்டத்துக்கு மேல் இங்கே கற்க ஒன்றும் மிச்சமில்லை என்று கனடாவுக்குப் போனார். 2017 சீ விளையாட்டில் தங்கம். 2018-இல் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக். மலேசியா குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பியது அதுவே முதல்முறை. அவரும் பனிமலைச் சறுக்கு வீரர் ஜெப்ரி வெப்பும் போனார்கள். கொடியை ஏந்தி நடந்தவர் யீ. குறுஞ்சுற்றில் அவருக்குக் கிடைத்தது 25-ஆவது இடம். அடுத்த சுற்றுக்குப் போவது முதல் 24 பேர்.

பதினாறு ஆண்டுப் பயிற்சி, மூன்று நிமிடத்துக்குள் அடங்கிய ஆட்டம், ஓர் இடத்தில் தப்பிய வாய்ப்பு. இதைக் கேட்டதும் நம் வீட்டு வரவேற்பறைகளில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். "அண்ணே, இதுல என்ன எதிர்காலம் இருக்கு?" என்று என் தங்கை கேட்டது அதைத்தான். தீபாவளிக்கு மறுநாள், முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டே கேட்டாள். ஹெல்மெட், தோள் கவசம், கையுறை, மட்டை, காலணி. மற்றதையெல்லாம் எவரிடமாவது பழசாக வாங்கிச் சமாளித்துவிடலாம். சறுக்குக் காலணி மட்டும் அப்படியில்லை, பையனுடைய காலுக்கென்று பார்த்து வாங்க வேண்டும். பதினைந்து வயதில் கால் ஓர் ஆண்டுக்கு ஓர் அளவில் நிற்பதில்லை. போர்ட் கிளாங்கில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதுகிறார் மாப்பிள்ளை. அவர் சம்பளத்தில் வருஷத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் காலணிக்கே போகிறது. கேள்வி நியாயமானதுதான்.

அந்தக் கேள்வி நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் நான் பிறந்த தெருவில் போய் நிற்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ், ரெயில்வேக்காரர்களுக்காக 1915-இல் கட்டியது, 2014-இல் இடித்தார்கள். அங்கே ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கி. அதை விளையாட்டு என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை. என் தாய்மாமன் ஒருவர், நாட்டுக்காக ஆடியவர் இல்லை, நல்ல ஆட்டக்காரர். பள்ளியில் மூன்றாம் தரச் சான்றிதழ். ஓர் இலாகாவின் அணிக்கு வலது ஓரத்தில் ஓட ஆள் தேவைப்பட்டதால் அந்த இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மைதானத்தில் எட்டு வருஷம், நாற்காலியில் இருபத்தைந்து வருஷம், பிறகு சாகும்வரை பென்சன். "ஸ்டிக் புடிச்சி வேலைக்குப் போனவன்" என்று என் அப்பா அவரைக் கிண்டல் செய்வார். கிண்டலில் பொறாமையும் கலந்திருக்கும். அப்போதெல்லாம் இலாகாக்களும் வாரியங்களும் தங்கள் அணிக்காகவே ஆள் சேர்த்தன. ஆட்டத்துக்கு எதிர்காலம் உண்டா என்று அன்று யாரும் கேட்கவில்லை. எதிர்காலம் அரசாங்க முத்திரையோடு தபாலில் வந்தது.

அந்தக் காலத்தின் உச்சம் 1975 உலகக் கிண்ணம். கோலாலம்பூரில் நடந்தது. ஆட்டங்கள் மின்சார வாரியத்தின் கிலாட் கிளப் மைதானத்திலும் மெர்டேக்கா அரங்கிலும். ஹாலந்தை வென்று மலேசியா அரையிறுதிக்கு வந்தது. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பழனிசாமி என்று அணியில் நம் பெயர்கள் நிறைய. அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் இந்தியா வென்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது யார் பக்கம் நின்றோம் என்பது அவரவர் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

மறு ஆண்டே, 1976 மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில், புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை வந்தது. அதன் பிறகு பள்ளி மைதானத்தில் ஆடிய பையன் நாட்டுக்கு ஆடுவது மெல்ல மெல்லக் கடினமானது. அந்தத் தரைக்கும் இப்போது ஒரு ஸ்டேடியம் வேண்டும், ஒரு நேர அட்டவணை வேண்டும். ஒரு வகையில் என் தங்கை மகனின் பனித்தளமும் பாண்டமாரான் ஹாக்கி ஸ்டேடியமும் ஒரே ஜாதி. இரண்டும் தானாக விளையாத தரை.

அந்தத் தரையில் ஒருவர் இருபது ஆண்டுக்கு மேல் நின்றார். தம்பினில் பிறந்த எஸ். குமார், தேசிய அணியின் கோல் காவலர், முந்நூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் மலேசியா அரையிறுதியில் இந்தியாவை 4-3 என்று வென்று வெள்ளி பெற்றது. 2018 ஜகார்த்தாவில் மறுபடியும் அரையிறுதியில் இந்தியா, 2-2, பெனால்டி ஷூட்அவுட் ஒவ்வொன்றாக நீண்டுகொண்டே போய் 7-6. இறுதியில் ஜப்பானுடன் 6-6, ஷூட்அவுட்டில் தோல்வி, மீண்டும் வெள்ளி. 2019 நவம்பரில் லண்டனில் பிரிட்டனிடம் தோற்றதும் தோக்கியோ வாய்ப்பும் போனது. மலேசிய ஆண்கள் ஹாக்கி கடைசியாக ஒலிம்பிக் கண்டது 2000 சிட்னியில். குமார் ஒலிம்பிக் ஆடியதே இல்லை.

யீ ஒலிம்பிக் போய் மூன்று நிமிடத்தில் திரும்பினார். குமார் முந்நூறு ஆட்டம் ஆடியும் போகவில்லை. இந்த இருவரில் யாருக்கு எதிர்காலம் இருந்தது என்று என் தங்கையிடம் திருப்பிக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. சாமர்த்தியமான கேள்வி, ஆனால் காலணிக்குக் காசு கட்டுகிறவளிடம் கேட்கத் தக்கதல்ல.

எனக்குத் தோன்றுவது வேறு. "வருவான், பெரிய ஆளா வருவான்" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கும் பிள்ளைமீது ஒரு கடன் ஏறுகிறது. நம்மூரில் கூட்டுக் கட்டுவோம் இல்லையா, மாதாமாதம் போட்டு ஒருநாள் மொத்தமாக எடுக்க. பையனையும் அப்படிப் பார்க்கப் பழகிவிடுகிறோம். போட்டது நாம், எடுத்துத் தர வேண்டியது அவன். அரிசோனாவிலும் ஒன்டாரியோவிலும் அந்தக் கடனைக் கணக்கிட ஒரு தொழிலே இருக்கிறது. இங்கே அந்தத் தொழில் இல்லை. என் தங்கை மகனைத் தேடி எந்த அணியின் ஆளும் சன்வேக்கு வரப்போவதில்லை. 224 பெயர்களில் அவன் பெயர் வராது. இது அவனுக்கும் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் இரவு பத்தரைக்கு மேல் ஈரத் துணிமூட்டையோடு வருகிறானென்றால், அந்த ஆட்டத்தை அவன் எதற்கும் முன்பணமாகக் கட்டவில்லை. அன்றைக்கு ஆடினான், அன்றைக்கே கணக்குத் தீர்ந்தது. அவனுக்கு வாய்த்திருக்கும் இந்தச் சுதந்திரம் டொராண்டோ பையனுக்குக் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

இதை எழுதும்போதே என் தாய்மாமன் எங்கிருந்தோ சிரிக்கிறார். பயன் எதிர்பார்க்காமல் ஆடுவதெல்லாம் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவன் பேச்சு. அவருடைய அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு அந்த மட்டை வேலையாகாமல் போயிருந்தால், ஆடிய சந்தோஷம் மட்டும் போதும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. இன்றைக்கும் பந்திங்கிலோ காப்பாரிலோ இருக்கும் ஒரு பையனுக்கு, ஹாக்கி மட்டையோ பந்தோ விளையாட்டுப் பள்ளியில் ஓர் இடமாக, அங்கே மூன்று வேளைச் சாப்பாடாக மாறினால்தான் வீட்டில் அனுமதி. அவனிடம் போய்க் கூட்டுக் கணக்கைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவான், வர வேண்டும். என் அப்பா கேட்ட "என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வியைக் குறுகிய புத்தி என்று என் இருபது வயதில் நினைத்தேன். ஒரு தலைமுறை வயிறு நிறைந்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்கும் வசதி வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்த வசதியின் பெயர் பென்சன். என் அக்காள் தங்கைகளின் படிப்புக்கும் தாய்மாமன் கை கொடுத்திருக்கிறார். என் தங்கை மகன் பனியில் ஆடுவது அவர் புல்லில் ஓடியதன் மிச்சத்தில்.

ஆகவே தங்கையிடம் நான் எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதட்டும், அதில் மாற்றமில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பையனுக்கும்தான், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு. மற்றதற்கு மாப்பிள்ளை ஒரு யோசனை வைத்திருந்தார். கணக்கெழுதுகிறவர் யோசனை. பெரிய முடிவு எதுவும் வேண்டாம், காலணி சிறிதாகும்போது மட்டும் உட்கார்ந்து பேசுவோம். அன்றைக்கு அவனுக்கு இன்னும் ஆட வேண்டும் போலிருந்தால், நம் கையில் காசும் இருந்தால், அடுத்ததை வாங்குவோம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் நிறுத்திக்கொள்வோம். யார்மேலும் பழி இல்லை.

"அப்போ கால் வளர்றது நின்னுட்டா?" என்றாள் தங்கை.

"நின்னா செலவு மிச்சம்" என்றார் மாப்பிள்ளை. "அதுக்கப்புறம் அவன் சம்பாதிச்சி வாங்கிக்குவான். எத்தன வயசு ஆனாலும் ஆடட்டும்."

பையன் அறைக்குள்ளிருந்து, இப்போதைக்கு இடது கால் கட்டைவிரல் இடிக்கிறது என்று குரல் கொடுத்தான்.